ஐதராபாத்தில் ரியல் எஸ்டேட் முகவர்: தரகிலிருந்து பதிவெண் வரை

மனையோ அடுக்குமாடி வீடோ விற்க நினைப்பவரையும் வாங்க நினைப்பவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, பேரம் படிந்தபின் தரகு பெறுபவர் ரியல் எஸ்டேட் முகவர். ஐதராபாத்தில் மிகப் பழைய தொழில்களுள் இது ஒன்று. ஆனால் இத்தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் ஏற்பாடு 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் (ரெரா) அதற்கு அடிப்படை. இன்று ஐதராபாத்திலோ தெலங்கானாவின் வேறு ஊர்களிலோ, பதிவுக்குரிய ஒரு திட்டத்தில் வீடோ மனையோ விற்றுத் தருபவர் தெலங்கானா ரெரா ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் ஆள் இன்னார் என்று காட்டும். அவருக்கு நிலம் பற்றி என்ன தெரியும் என்று காட்டாது. கீழே வரும் வரலாற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்கள்

பழைய நகரத்தில் உருது பேசுவோர் இவரை 'தல்லால்' என்பார்கள். தெலுங்கில் அது 'தளாரி'. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'மத்தியவர்த்தி'. தமிழில் தரகர், பேச்சில் புரோக்கர். இந்தச் சொற்கள் எல்லாமே கோபம் வரும்போது வசையாகவும் பயன்படுகின்றன. அதனாலோ என்னவோ, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊருக்குள் வந்த பிறகு தரகர்கள் ஏஜென்ட், கன்சல்டன்ட், சேனல் பார்ட்னர் என்று வரிசையாகப் பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

'ரியல்டர்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்க முகவர்கள் 1908இல் சிகாகோவில் ஒரு தேசியச் சங்கம் தொடங்கி, 1913இல் தங்களுக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். அந்த நெறிக்குக் கட்டுப்பட்ட உறுப்பினரை மற்ற தரகர்களிடமிருந்து பிரித்துக் காட்ட 1916இல் உருவான சொல் அது. அங்கே இன்றும் அது சங்கத்துக்குச் சொந்தமான பதிவுக்குறி. வெளியார் போட்டுக்கொள்ள முடியாது. ஐதராபாத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி விற்பவர், லேஅவுட் போடுபவர், அடுக்குமாடி கட்டுபவர், இவர்களுக்கு நடுவில் ஓடுபவர் எல்லோரும் ரியல்டர்தான். செய்தித்தாளில் 'ரியல்டர் கடத்தல்' என்று தலைப்பு வந்தால் கடத்தப்பட்டவர் இவர்களில் யார் என்பதை உள்ளே படித்தால்தான் தெரியும்.

நிஜாம் காலமும் வெள்ளைத்தாள் விற்பனையும்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் 1912இல் நிஜாம் அரசு நகர மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. நெரிசலான பகுதிகளைச் சீர்செய்து, சாலை போட்டு, குடியிருப்புகள் கட்டும் வேலை தொடங்கியது. ஆனால் நிலத்தில் பெரும்பகுதி சந்தைக்கு வருகிற நிலமாக இல்லை. நிஜாமின் சொந்தப் பண்ணையான சர்ஃப்-இ-காஸ், பிரபுக்களின் ஜாகிர், அரசின் நேரடி நிலம் எனப் பிரிந்து கிடந்தது. 1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டன. யாருடைய நிலம் எது என்று புதிதாக எழுத வேண்டி வந்தபோது உருவான 1954-55ஆம் ஆண்டின் கஸ்ரா பஹாணி, ஏழு பத்தாண்டுகள் கழித்தும் தெலங்கானா நில வழக்குகளில் முதலில் எடுக்கப்படும் ஆவணமாக இருக்கிறது.

அந்தக் கால ஏடுகள் உருதுவில் இருந்தன. ஆகவே பஹாணி வாசிக்கத் தெரிந்த தரகருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதைவிடப் பெரிய மதிப்பு அவருடைய வாய்ச்சொல்லுக்கு. கிராமப்புறங்களில் 'சாதா பைனாமா' என்ற வழக்கம் பரவலாக இருந்தது. முத்திரைத்தாள் இல்லை, பதிவு அலுவலகம் இல்லை. வெள்ளைத்தாளில் நிலத்தின் சர்வே எண்ணையும் விலையையும் எழுதி, விற்பவர் கையெழுத்தோ கைநாட்டோ போட, நடுவில் நின்று பேசி முடித்தவர் பெரும்பாலும் சாட்சியாகக் கீழே கையெழுத்திடுவார். பிற்காலத்தில் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழில்நெறி என்று அப்போது ஏதாவது இருந்தது என்றால், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்த ஊர்ப்பெயர்தான். இத்தகைய வெள்ளைத்தாள் விற்பனைகளை முறைப்படுத்த தெலங்கானா அரசு 2016இலும் 2020இலும் விண்ணப்பம் வாங்கியது. வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நகரம் வீங்கிய ஆண்டுகள்

1960களில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் மனை பிரித்துக் கொடுத்தன. ஜூப்ளி ஹில்ஸ் சங்கம் அவற்றுள் பெயர்பெற்றது. 1975இல் நகர வளர்ச்சி ஆணையமான ஹூடா வந்தது. 1976இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. உச்சவரம்பைத் தாண்டிய நிலத்தை யார் பெயரில் எப்படி வைப்பது என்பது தரகருக்கு ஒரு புதிய கலையானது. அச்சட்டத்தின் நீக்கத்தை ஆந்திரப் பிரதேசம் 2008இல்தான் ஏற்றது. 1987இல் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கென ஆந்திரம் ஒரு சட்டம் இயற்றியது. கட்டுபவரின் கடமைகளைப் பேசிய அச்சட்டம் விற்றுக்கொடுப்பவரை ஒழுங்குபடுத்தவில்லை.

1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தை அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதற்குப் பிறகு நகரம் மேற்கே ஓடியது. 2008இல் ஹூடாவை உள்ளடக்கி எச்.எம்.டி.ஏ. எனும் பெருநகர வளர்ச்சி ஆணையம் உருவானது. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை போடப்பட்டது. கோகாப்பேட்டையில் 2023 ஆகஸ்டில் நடந்த அரசு ஏலத்தில் ஒரு ஏக்கர் 100 கோடி ரூபாயைத் தாண்டியது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் முதலில் தடுமாறுவது அளவையில்தான். சென்னையில் கிரவுண்ட், கொங்கு நாட்டில் சென்ட் என்று பேசிப் பழகியவருக்கு அங்கே 'கஜம்' என்ற சதுர கெஜக் கணக்கு. 121 கஜம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். நம் ஒரு கிரவுண்டு ஏறத்தாழ 267 கஜம். லேஅவுட்டை அங்கே 'வெஞ்சர்' என்பார்கள்.

வெஞ்சர்கள் எப்படி முளைத்தன என்பதைக் காட்ட ஓர் எண் போதும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை முறைப்படுத்தும் திட்டத்தை (எல்.ஆர்.எஸ்.) தெலங்கானா அரசு 2020 ஆகஸ்ட் இறுதியில் அறிவித்தது. மாநிலம் முழுவதிலுமிருந்து 25 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. சாலை அகலம் சரியில்லாமல், பூங்காவுக்கு இடம் விடாமல், வெறும் பஞ்சாயத்து முத்திரையோடு கூறுபோட்ட மனைகள்தாம் இவற்றில் பெரும்பாலானவை. விண்ணப்பித்தவர் மனை வாங்கியவர். அபராதம் கட்டுபவரும் அவரே. விற்றுக்கொடுத்துத் தரகு வாங்கியவரைத் தேடி எந்த நோட்டீசும் போகவில்லை. போக வழியுமில்லை, ஏனென்றால் யார் யார் விற்றுக்கொடுத்தார்கள் என்ற பதிவேடே எங்கும் கிடையாது.

சட்டமில்லாத காலத்துச் சட்டம்

பதிவு இல்லாத காலத்திலும் முகவர் சட்டத்துக்கு முற்றிலும் வெளியே நின்றார் என்று சொல்ல முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பத்தாவது அத்தியாயத்தில் முகவரின் கடமைகளைச் சொல்கிறது. தன்னை அமர்த்தியவரின் வேலையை அவர் சொன்னபடி செய்ய வேண்டும். அந்தத் தொழிலில் இயல்பாக எதிர்பார்க்கப்படும் திறமையும் கவனமும் காட்ட வேண்டும். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். அமர்த்தியவருக்குத் தெரியாமல் தனக்கென வியாபாரம் பார்த்தால் அந்த லாபத்தை ஒப்படைக்க வேண்டும். எழுதப்பட்டது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றாலும், பின்னால் வந்த சட்டங்களை விட இதில் நெறி கூர்மையாக இருக்கிறது. குறை என்னவென்றால், ஏமாந்தவர் தானே சிவில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தரகுக்கு உரிமை எப்போது பிறக்கிறது என்ற கேள்வி 1950இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அப்துல்லா அகமது எதிர் அனிமேந்திர கிஸன் மித்தர் என்ற கல்கத்தா வழக்கு அது. வாங்க ஆள் கொண்டுவந்த தரகரைக் கழற்றிவிட உரிமையாளர் முயன்றார். ஆளைக் கொண்டுவந்தபோதே தரகருக்குக் கூலி சேர்ந்துவிட்டது என்று தீர்ப்பானது. கூடவே, ஆள் தேடச் சொன்னதாலேயே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் தரகருக்கு வந்துவிடாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 'ஓனருக்காக நானே அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று கை நீட்டும் தரகர் இன்றும் உண்டு. இந்தத் தீர்ப்பின் இரண்டாம் பாதியை வாங்குபவர் தெரிந்துவைத்திருந்தால் அந்தக் கைக்குப் பணம் போகாது.

பிற மாநிலங்களில் சில, முகவரைப் பதிவு செய்ய ஐதராபாத்துக்கு முன்பே முயன்றன. பஞ்சாப் 1995இல் இயற்றிய அடுக்குமாடி மற்றும் சொத்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் எஸ்டேட் ஏஜென்ட் பதிவுக்கு இடம் வைத்தது. அரியானா 2008இல் சொத்து வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதே 2008இல் முகவர்களின் தேசிய அமைப்பான நார் இந்தியா உருவானது. அமெரிக்கச் சங்கத்தைப் பார்த்து அமைந்த இது உறுப்பினர்களுக்கு நெறிமுறை வகுத்தது. விருப்பப்பட்டவர் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற நிலையில் சங்கத்தின் நெறி, ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

ரியல் எஸ்டேட் மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமானது. நிலைக்குழு, தேர்வுக்குழு எனச் சுற்றிவிட்டு, வெங்கையா நாயுடு துறை அமைச்சராக இருந்த 2016 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறியது. 92 பிரிவுகளில் ஒரு பகுதி 2016 மே 1 முதலும், முகவர் பதிவு உள்ளிட்ட மற்றவை 2017 மே 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

யார் முகவர் என்பதைச் சட்டம் அகலமாகவே வரையறுத்தது. தரகர், இடையாள், சொத்து வியாபாரி என எந்தப் பெயரில் அழைத்தாலும், விற்பவரையும் வாங்குபவரையும் எந்த ஊடகத்தின் வழியாக அறிமுகப்படுத்திக் கட்டணம் வாங்கினாலும் அவர் முகவரே. இணையதளம் வைத்திருப்பவரும் இதற்குள் வருவார். ஆனால் அதே வரையறைக்குள் ஒரு சிறு சொற்றொடர் இருக்கிறது: விற்பனை 'ரியல் எஸ்டேட் திட்டத்தில்' உள்ள மனைக்கோ வீட்டுக்கோ ஆனதாக இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டமே பதிவுக்கு வரும். ஆகவே அமீர்பேட்டையில் முப்பது ஆண்டுப் பழைய தனிவீட்டை விற்றுத் தரும் தரகர் இதில் சேர மாட்டார். வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவருக்கும் இச்சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஊருக்குப் புதிதாக வேலைக்கு வரும் இளைஞர் முதன்முதலில் சந்திக்கும் முகவர் வாடகைத் தரகர்தான். அரை மாதமோ ஒரு மாதமோ வாடகையைத் தரகாகக் கேட்கும் அந்த மனிதரிடம் கேட்பதற்கு எந்தப் பதிவெண்ணும் கிடையாது.

ஒன்பதாம் பிரிவின்படி பதிவு இல்லாமல் முகவர் வேலை செய்யக்கூடாது. பதிவானவர் தான் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பொய்த் தகவல் தந்து பதிவு வாங்கியிருந்தாலோ விதியை மீறினாலோ ஆணையம் அதை ரத்து செய்யலாம். பத்தாம் பிரிவு கடமைகளைச் சொல்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. கணக்குப் புத்தகங்களும் ஆவணங்களும் வைத்திருக்க வேண்டும். இல்லாத தரத்தை, இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. வாங்குபவர் முன்பதிவு செய்யும்போது அவருக்கு உரிய எல்லா ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது விற்ற சொத்தின் விலையில் ஐந்து விழுக்காடு வரை ஏறலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணையை மதிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. கட்டுநரோடு சேர்த்து முகவர் மீதும் வாங்கியவர் நேரடியாக ஆணையத்தில் புகார் செய்யலாம் என்பது புதுமை. திட்டத்தைப் பதிவு செய்யும்போது தன் முகவர்களின் பெயர்களைக் கட்டுநரே பட்டியலிட்டுத் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. முன்பு யாரும் வைத்திராத பதிவேடு அதுதான்.

சட்டம் தொடாத இடங்களும் உண்டு. தரகு எத்தனை விழுக்காடு என்று அது சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தரகு வாங்குவதைத் தடுக்கவில்லை. கல்வித் தகுதி கேட்கவில்லை, தேர்வு வைக்கவில்லை. சொல்லப்போனால் இதை உரிமம் என்பதைவிடப் பதிவு என்பதே பொருத்தம். கார் ஓட்டக் கற்றவருக்குத் தருவது உரிமம். காருக்கு எண் தருவது பதிவு.

தெலங்கானாவில் நடந்தது

தெலங்கானா தன் விதிகளை 2017 ஜூலை 31 தேதியிட்ட அரசாணை 202இன் மூலம் வெளியிட்டது. ஆணையத்தின் இணையதளத்தை அமைச்சர் கே.டி. ராமாராவ் 2018 ஆகஸ்ட் 31இல் தொடங்கிவைத்தார். மூத்த அதிகாரி ராஜேஷ்வர் திவாரி அப்போது ஆணையத்துக்குப் பொறுப்பு. 2017 ஜனவரி 1க்குப் பிறகு அனுமதி பெற்ற திட்டங்களுக்கே பதிவு என்று மாநிலம் வரம்பு கட்டியது. பாதியில் நின்ற பழைய திட்டங்கள் பலவும் அவற்றை விற்றவர்களும் அதனால் தப்பினார்கள். தலைவரும் உறுப்பினர்களும் கொண்ட முழு ஆணையம் 2023 ஜூனில்தான் அமைந்தது. என். சத்யநாராயணா அதன் முதல் தலைவர். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்து ஆறாண்டு கழித்து, கேட்க ஓர் ஆள் வந்தார்.

பதிவு செய்யத் தனிநபருக்கு 10,000 ரூபாய், நிறுவனங்களுக்கு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் தனிநபருக்கே 25,000. பான் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம் முதலியவற்றோடு இணையத்தில் விண்ணப்பித்தால், சரிபார்த்தபின் சான்றிதழ் வரும். ஐந்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். திட்டங்களின் எண் 'பி' என்ற ஆங்கில எழுத்திலும் முகவர்களின் எண் 'ஏ' என்ற எழுத்திலும் தொடங்கும். விளம்பரத்தில் 'ரெரா எண்' என்று ஏதோ நீளமாக இருந்தால், முதலெழுத்தைப் பார்த்தாலே அது யாருடைய எண் என்று தெரிந்துவிடும். பலர் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்.பி. நகர் பக்கமோ மியாப்பூர் பக்கமோ ஒரு கார் வந்து வீட்டுவாசலில் நிற்கும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கழுத்துப்பட்டை அணிந்த ஓர் இளைஞர். யாதகிரிகுட்டா நெடுஞ்சாலையிலோ ஷாத்நகர், சங்கர்பள்ளி பக்கமோ ஓரிரு மணி நேரப் பயணம். இறங்கினால் புதிதாகக் கட்டிய அலங்கார வளைவு, சிவப்பு மண் சாலை, இருபுறமும் அப்போதுதான் நட்ட பனைமாதிரிச் செடிகள், ஷாமியானா. பெரிய தாளில் அச்சடித்த வரைபடத்தில் விற்ற மனைகளுக்குச் சிவப்பு ஒட்டுப்பொட்டு. விற்காததற்கும் சில ஒட்டியிருப்பார்கள் என்பது தொழிலில் இருப்போர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வது. "சார், இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க, அடுத்த வாரம் கஜத்துக்கு ஆயிரம் ஏறுது." சாப்பாட்டுக்குப் பிரியாணி.

அந்த இளைஞர் நீட்டும் விசிட்டிங் கார்டில் ஒரு பதிவெண் இருக்கலாம். பெரும்பாலும் அது அவருடையதாக இருக்காது. திட்டத்தின் எண்ணோ, அவரை அனுப்பிய மார்க்கெட்டிங் நிறுவனத்தின் எண்ணோ ஆக இருக்கும். அவருக்குச் சம்பளம் இல்லை. விற்றால் தரகு, ஆள் சேர்த்தால் சேர்ந்தவர் விற்பதிலும் ஒரு பங்கு. பள்ளி ஆசிரியர், காப்பீட்டு முகவர், வேலையிழந்த மென்பொருள் ஊழியர் என யாரும் இந்த வரிசையில் நிற்கலாம். வரையறையைக் கறாராகப் படித்தால், தரகுக்கு ஆள் அறிமுகம் செய்யும் இவர்கள் ஒவ்வொருவரும் முகவரே. நடைமுறையில் ஒரு சான்றிதழின் நிழலில் ஒரு கூட்டமே நிற்கிறது.

இதில் மோசமானது 'பிரீ-லாஞ்ச்' விற்பனை. அனுமதியும் ரெரா எண்ணும் வருவதற்கு முன்பே, சந்தையைவிட வெகு குறைந்த விலைக்கு, முழுத் தொகையையும் ஒரே தவணையில் கேட்பார்கள். பதிலுக்கு நிலத்தில் பிரிபடாத பங்கு ஒன்றை (யு.டி.எஸ்.) எழுதித் தருவார்கள். கட்டடம் எழும்பாவிட்டால் வாங்கியவர் கையில் இருப்பது, நூற்றுக்கணக்கானோரோடு பொதுவாக உள்ள ஒரு துண்டுத் தரை. பதிவாகாத திட்டத்தை விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதும் கட்டுநருக்கு மூன்றாம் பிரிவில் தடை. விற்க உதவுவது முகவருக்குப் பத்தாம் பிரிவில் தடை. இருந்தும் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது நகரம் முழுக்க நடந்தது. பணம் முழுதாக உடனே வருவதால் தரகும் முழுதாக உடனே வரும். முகவரை இழுப்பது அதுதான்.

முகவருக்குத் தெரிய வேண்டியவை

ஐதராபாத்தில் நிலம் விற்றுக்கொடுப்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் எழுதினால் அது கனமான புத்தகமாகும். 1996 மார்ச் 8 தேதியிட்ட அரசாணை 111, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைக் காக்க 84 கிராமங்களில் கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் அக்கிராமங்களில் 'சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்' என்ற ஒரே வாக்கியத்தை வைத்து விற்கப்பட்ட நிலம் கொஞ்சமல்ல.

ஏரி நிறைந்தால் நீர் நிற்கும் எல்லையை எஃப்.டி.எல். என்பார்கள், அதற்கு வெளியே ஒரு காப்பு வளையம். ஏரிப்படுகை நிலத்துக்கு உருது ஏட்டில் 'ஷிகம்' என்று பெயர். கோடையில் காய்ந்து கிடக்கும்போது அது நல்ல மனையாகத்தான் தெரியும். 2024 ஜூலையில் அரசு ஹைட்ரா என்ற அமைப்பை உருவாக்கி ஏரி ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியபோது, நகரத்தில் பலர் முதன்முறையாக எஃப்.டி.எல். என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்பட்டார்கள்.

இன்னொன்று பூதான நிலம். 1951 ஏப்ரலில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்த போச்சம்பள்ளி, நகரத்திலிருந்து கிழக்கே எட்டிப்பிடிக்கும் தொலைவுதான். நிலமற்றவர்களுக்கென்று கொடுக்கப்பட்ட நிலத்தை விற்க முடியாது. அரசு ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலத்தின் கைமாற்றத்தையும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வக்ஃப் நிலம், கோயில் நிலம் வேறு. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவின் கீழ் இவையெல்லாம் தடைப்பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது ஒரு நல்ல முகவரின் பத்து நிமிட வேலை. நில ஏடுகளை இணையத்துக்குக் கொண்டுபோன தரணி தளம் 2020 அக்டோபரில் வந்தது. 2025 ஏப்ரலில் பூ பாரதி அதன் இடத்தைப் பிடித்தது. இவற்றில் தேடத் தெரிவதும் வில்லங்கச் சான்றை வாசிக்கத் தெரிவதும் இத்தொழிலின் அரிச்சுவடி. சான்றிதழ் வாங்க இவற்றில் எதையும் ரெரா சட்டம் கேட்கவில்லை.

தேர்வு வைத்தவர்கள்

மகாராஷ்டிர ரெரா ஆணையம் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. 2023 ஜனவரியில் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என ஆணை பிறப்பித்து, அந்த ஆண்டு மே 20இல் முதல் தேர்வை நடத்தியது. ஏற்கெனவே பதிவானவர்களுக்கும் விலக்கில்லை. 2024இல், தகுதிச் சான்றிதழ் பெறாத சுமார் 20,000 பேரின் பதிவை நிறுத்திவைத்தது. அதே மத்தியச் சட்டத்தின் கீழ்தான் இதைச் செய்தார்கள்; சட்டத்திருத்தத்துக்குக் காத்திருக்கவில்லை.

உலகத்தில் முகவருக்கு உரிமம் என்பது புதிதில்லை. கலிஃபோர்னியா 1917இல் உரிமச் சட்டம் இயற்றியது. நீதிமன்றம் அதை அடித்துவிட, 1919இல் மறுபடி இயற்றியது. மலேசியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டம். தமிழர் நன்கறிந்த சிங்கப்பூரில் 2010இல் எஸ்டேட் முகவர் சட்டம் வந்து, தனி மன்றம் ஒன்று அமைந்தது. அங்கே படிப்பும் தேர்வும் முடித்தால்தான் பதிவு, ஆண்டுதோறும் தொடர்பயிற்சி. ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் முகவராக இருக்க முடியாது. விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடக்கூடாது. ஐதராபாத்தில் டோக்கன் பணம் முகவரின் கைப்பேசிக்கே போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

வரியும் பிற கடமைகளும்

முகவர் சேவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. நிறுவனங்கள் தரும் தரகில் மூலத்திலேயே வரி பிடிக்கப்படும். அந்த விகிதம் 2024 அக்டோபரில் ஐந்திலிருந்து இரண்டு விழுக்காடாகக் குறைந்தது. 2020 டிசம்பர் 28 அறிவிக்கை ஒன்றின்படி, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவுள்ள முகவர்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருவார்கள். வாடிக்கையாளர் யாரென்று சரிபார்த்து ஏடு வைப்பது, சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தை அரசுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று பேரம் நடக்கும் மேசையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே அதை எழுதி அனுப்ப வேண்டும் என்று அறிவிக்கை எதிர்பார்க்கிறது.